காட்டைப் பூட்டிய இரண்டு நாடுகள்

சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது என்று நம் கூட்டங்களில் பேசாத நாளில்லை. பருப்பு இறக்குமதி பற்றியும் பேசுகிறோம். மரத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பக்கத்து ஊர் மரவாடிக்குப் போய் நிலைக்கும் கதவுக்கும் என்ன மரம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கானா தேக்கு, ஈக்வடார் தேக்கு, பிரேசில் தேக்கு, மலேசியா சால், ஆப்பிரிக்கப் படாக் என்று உலக வரைபடத்தையே ஒப்பிப்பார். நம்ம ஊர் மரம் இல்லையா என்றால், "அது அப்பப்ப வரும் சார், நம்பி ஆர்டர் எடுக்க முடியாது" என்பார்.

வெளிநாட்டு மரம் நமக்குப் புதிதல்ல. செட்டிநாட்டு வீடுகளின் தூணெல்லாம் பர்மா தேக்குதான். ஆனால் அது ஒரு சமூகம் வணிகம் செய்த ஊரிலிருந்து கொண்டுவந்து கட்டிய அரண்மனைக் கதை. இன்றைக்கு இரண்டு படுக்கையறை வீட்டுக்கும் தென்னமெரிக்காவிலிருந்து மரம் வருகிறது. இது எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள, நம் நாட்டை மட்டும் பார்த்தால் போதாது. சீனாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வங்கியில் இரண்டு கணக்குகளை ஒரே மேசையில் விரித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு முப்பது வருசமாக உண்டு. அந்தப் பழக்கத்தில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். மர வணிகத்தில் வன்மரம், மென்மரம் என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். அகன்ற இலை மரமெல்லாம் வன்மரம். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம். தேக்கு, வேங்கை, ஓக், ரப்பர் எல்லாம் வன்மரம். அந்தக் கணக்கில் முருங்கையும் வன்மரம்தான். முருங்கைக் கிளையை நம்பி ஏறியவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

இரண்டு நாடுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தங்கள் காட்டைப் பூட்டின. நம் பூட்டு முதலில் விழுந்தது. நீலகிரி கூடலூரில் காடு அழிவதைக் கண்டு நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். நம் மாநிலத்து மலையில் தொடங்கிய வழக்கு நாட்டுக்கே சட்டமானது. 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, காட்டுக்குள் நடக்கும் மரவெட்டையும் அனுமதி இல்லாத மர அறுவை ஆலைகளையும் நிறுத்தியது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியேறுவதும் நின்றது. அஸ்ஸாம், அருணாசலப் பகுதியில் இருந்த ஒட்டுப்பலகை ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

சீனாவில் பூட்டுப் போட்டது வெள்ளம். 1998 கோடையில் யாங்சி ஆறு பெருக்கெடுத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மேல்மலைக் காடுகளை மொட்டையடித்ததுதான் காரணம் என்று அரசே ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டிலேயே இயற்கைக் காடுகளில் மரவெட்டுக்குத் தடை போடத் தொடங்கியது. 2017-க்குள் நாடு முழுக்க இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டு நின்றுவிட்டது. பூட்டிய கையோடு இன்னொன்றும் செய்தார்கள். 1999 முதல் உருட்டு மரத்துக்கும் அறுத்த மரத்துக்கும் இறக்குமதி வரி கிடையாது என்று அறிவித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எண்ணில் பாருங்கள். 1990களின் கடைசியில் சீனா ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் கன மீட்டர் உருட்டு மரம் வாங்கிக்கொண்டிருந்தது. 2007-ல் அது சுமார் 3 கோடியே 70 லட்சம். 2018-ல் 6 கோடியை நெருங்கியது. அறுத்த மரம் இதற்கு மேல்: 1998-ல் 20 லட்சத்துக்குள் இருந்தது, 2018-ல் மூன்றரைக் கோடியைத் தாண்டியது. இதில் பெரும்பகுதி நியூசிலாந்து, ரஷ்யா போன்ற இடங்களின் பைன் வகை. வன்மரம் மூன்றில் ஒரு பங்குக்குள்தான். ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கே உலகத்தின் பல தீவுகளை வழித்தெடுக்கப் போதுமானதாக இருந்தது.

நம் கணக்கு சிறியது. 2010களின் முதல் பாதியில், உச்சத்தில் இருந்தபோது, ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் கன மீட்டர் உருட்டு மரம் இறக்கினோம். சீனாவில் பத்தில் ஒரு பங்கு என்று தோன்றும். ஆனால் நாம் வாங்கியதில் பெரும்பகுதி வெப்பமண்டல வன்மரம். பெட்டி செய்யக் கொஞ்சம் நியூசிலாந்து பைன், மற்றபடி பர்மா தேக்கு, சரவாக்கின் மேராந்தி, குர்ஜன் வகைகள். வன்மரத்தை மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு நாடுகளுக்கும் உள்ள இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். தேக்கில் வந்தால் நாம்தான் உலகத்தின் முதல் வாடிக்கையாளர்.

வரி விசயத்தில் நாம் வேறு வழியில் போனோம். உருட்டு மரத்துக்கு 5 சதவீதம், அறுத்த மரத்துக்கு 10 சதவீதம். அதனால் மரத்தை முழுசாகக் கொண்டுவந்து இங்கே அறுப்பது லாபம். காண்ட்லா துறைமுகத்தை ஒட்டி காந்திதாமில் நூற்றுக்கணக்கான அறுவை ஆலைகள் வந்தது இப்படித்தான். தூத்துக்குடி, மங்களூரிலும் அதே கதைதான், அளவு சிறிது. குஜராத்தின் அந்த உப்பு நிலத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மரம் ஏது? நாட்டிலேயே பெரிய மரச் சந்தை அங்கேதான் இருக்கிறது.

நம் காடும் சீனக் காடும் மூச்சு விட்டன, நல்லதுதானே என்று நம் இயக்க நண்பர்களே சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வங்கிக் கணக்கில் ஒரு பக்கம் பற்று எழுதாமல் மறுபக்கம் வரவு எழுத முடியாது. நம் காட்டில் வரவு எழுதிய மரம் மியான்மரில் பற்று எழுதப்பட்டது. தேக்கு கடல் வழியாக நமக்கு வந்தது. கச்சின் மலைகளிலிருந்து லாரி லாரியாக யுன்னானுக்குப் போனது. சாலமன் தீவுகளும் பப்புவா நியூகினியும் வெட்டுகிற உருட்டு மரத்தில் பெரும்பங்கு சீனத் துறைமுகங்களில்தான் இறங்குகிறது. சாலமன் தீவுகளில் காடு வளர்கிற வேகத்தைவிடப் பலமடங்கு வேகத்தில் வெட்டுகிறார்கள். அங்கேயும் நம்மைப் போல ஓடையை நம்பி வாழும் குடியானவர்கள் இருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சீனாவில் ஹோங்மு என்று ஒரு வகை அறைகலன் உண்டு, பழைய அரண்மனை பாணி மேசை, நாற்காலி, கட்டில். அதற்கு நம் செம்மரம் முதல் தரம். உலகத்தில் செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறு பகுதியில் மட்டும்தான். அங்கே ஒருவர் வாங்கிய நாற்காலிக்காக, 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்துக் கூலிக்காரர்கள். மர இறக்குமதி என்பது ஏதோ கப்பல் கம்பெனிக்காரர்கள் பேசுகிற விசயம் என்று நினைக்கிறவர்கள் ஜவ்வாது மலைக்குப் போய்க் கேட்கட்டும்.

விற்கிற நாடுகள் சும்மா இருக்கவில்லை. கபோன் 2010-ல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் நிறுத்தியது. சரவாக் தன் ஏற்றுமதி அளவைப் படிப்படியாகக் குறைத்தது. ரஷ்யா 2022 தொடக்கத்தில் விலை உயர்ந்த வன்மரங்களையும் ஊசியிலை மரங்களையும் உருட்டாக அனுப்புவதைத் தடை செய்தது. வேண்டுமானால் அறுத்து வாங்கிக்கொள், கூலி எங்களுக்கு வேண்டும் என்பதுதான் இதன் பொருள். நியாயம்தான். நாம் பருத்தியாக விற்காமல் நூலாக விற்கணும்னு பேசுகிற மாதிரி.

இந்த இடத்தில்தான் இரண்டு நாடுகளின் பாதை பிரிகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

சீனா காட்டைப் பூட்டியபோது, காட்டுக்கு வெளியே மரம் நடுகிற உழவனுக்குச் சாவி கொடுத்தது. ஷாண்டோங், ஜியாங்சு மாகாணங்களில் வாய்க்கால் கரையிலும் வயல் ஓரத்திலும் பாப்லர் நட்டார்கள். அதைச் சுற்றி ஒட்டுப்பலகைத் தொழில் ஊர் ஊராக வளர்ந்தது. தாய்லாந்தின் பால் வற்றிய ரப்பர் மரத்தை அறுத்து விற்க, பெரும்பகுதியை சீனாவே வாங்கியது. வாங்கிய மரத்தை அறைகலனாக்கி விற்று, உலகத்திலேயே பெரிய அறைகலன் ஏற்றுமதி நாடானது. நாம் வாங்கிய மரம் நம் வீட்டு நிலையோடு நின்றுவிட்டது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2008-ல் நடந்தது. ஊர்ப் பொதுவில் இருந்த வன நிலங்களைக் குடும்பவாரியாகப் பிரித்து, 70 ஆண்டு உரிமை கொடுத்து, சான்றிதழும் கொடுத்தார்கள். ஃபுஜியான், ஜியாங்சி மாகாணங்களில் சில ஆண்டு முன்பே பரிசோதித்துவிட்டு நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். அந்தச் சான்றிதழை வங்கியில் வைத்துக் கடன் வாங்கலாம். நிலத்துக்கு மட்டுமல்ல, நிற்கிற மரத்துக்கும் மதிப்பு. முப்பது வருசம் வங்கியில் இருந்தேன். நகையை, டிராக்டரை, கறவை மாட்டை, குடோனில் கிடக்கும் மிளகாய் மூட்டையைக்கூட ஈடாக வைத்துக் கடன் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். வயலில் நிற்கும் மரத்தை ஈடாக ஏற்றுக்கொண்ட ஒரு மேலாளரையும் நான் பார்த்ததில்லை.

சீனா செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. குவாங்ஷியில் மலை மலையாக யூகலிப்டஸ் ஒன்றையே நட்டு வைத்திருக்கிறார்கள். பறவை இல்லை, அடியில் செடி இல்லை. பல ஊர்களில் குடும்பத்துக்குக் கொடுத்த நிலத்தைக் காகிதக் கம்பெனிகள் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டன. தைல மரம் நம் கிணற்றை என்ன செய்தது என்று புதுக்கோட்டை, சிவகங்கைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே பாடம் இருக்கிறது. அமெரிக்க ஓக் மரக்காரர்கள் தங்கள் ஏற்றுமதியில் பாதியை சீனாவுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2018-ல் வர்த்தகச் சண்டை வந்து சீனா வரி போட்டதும் அப்பலாச்சியப் பக்கத்து அறுவை ஆலைகள் தடுமாறிப் போயின. ஒரே ஆளுக்கு மொத்தக் கடனையும் கொடுத்த கிளையின் கதி.

சரி, நாம் என்ன செய்தோம்? நல்லதும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. ஹரியானாவின் யமுனாநகரில் ஒட்டுப்பலகை ஆலைகள் உழவர் நட்ட பாப்லரிலும் தைல மரத்திலும்தான் ஓடுகின்றன. கேரளத்தின் பெரும்பாவூர் ரப்பர் மரத்தில் ஓடுகிறது. நம் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மலைவேம்பையும் சவுக்கையும் தொழிற்சாலைகளோடு கோர்த்துவிட்டது. 2014-ல் வேளாண் காடுகளுக்கென்று தேசியக் கொள்கை கொண்டுவந்த முதல் நாடு நாம்தான். ரப்பரைத் தவிர இதெல்லாம் நாலு, ஆறு, எட்டு வருசத்தில் வெட்டுகிற மரங்கள். வைரம் பாய்கிற மரத்துக்கு இந்தக் கொள்கை இன்னும் இறங்கி வரவில்லை.

தேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கின் பிறப்பிடம் நம் நாடும் மியான்மரும் தாய்லாந்தும் லாவோசும். நட்டு வளர்த்த தேக்குத் தோப்புகளில் பழமையானது நிலம்பூரில் இருக்கிறது. 1840களில் கலெக்டர் கனோலி காலத்தில் சாத்து மேனன் நட்டது. தஞ்சைப் பக்கம் கல்லணைக் கால்வாய்க் கரையில் அரசு நட்ட தேக்கை நம்மில் பலர் பார்த்திருப்போம். அப்படிப்பட்ட நாடு, மியான்மர் கதவை மூடியதும், எங்கே போனது? ஈக்வடார், பனாமா, கோஸ்டாரிகா. அங்கெல்லாம் தேக்கு வந்தேறி மரம். இருபது வருசத்தில் வெட்டி, கன்டெய்னரில் ஏற்றி, பாதி உலகம் சுற்றி இங்கே அனுப்புகிறார்கள். ஈக்வடார் விற்கும் தேக்கில் பெரும்பகுதியை வாங்குவது நாம்தான்.

என் அப்பா வரப்பில் நட்ட தேக்கு 17 மரம் வெட்டினேன். வி.ஏ.ஓ. சான்று, வனத்துறை அலுவலகம், அளவெடுப்பு, சுத்தியல் முத்திரை, வழிச்சீட்டு என்று மூன்று மாதம். எத்தனை நடை என்று எண்ணுவதை ஏழோடு விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்து வியாபாரி வந்து பார்த்து, "வெள்ளை ஜாஸ்தி சார், இன்னும் வைரம் ஏறல" என்று கழித்துக் கேட்டார். அவர் கடையில் அடுக்கி வைத்திருந்த ஈக்வடார் தேக்கின் சுற்றளவை நான் டேப் வைத்து அளந்தேன். என் மரத்தைவிடச் சின்னது. வெள்ளையும் குறைச்சல் இல்லை. கேட்டதற்கு அவர் சொன்ன பதில் நியாயமாக இருந்தது. "அது ஒரே சைஸ் சார். போன் பண்ணா ஒரு கன்டெய்னர் வரும், பேப்பர் எல்லாம் சரியா இருக்கும். உங்ககிட்ட 17 மரம், 17 மாதிரி. அடுத்த லோடு யார் தருவா?"

நம் உழவன் தோற்பது மரத்தில் அல்ல. ஒரே அளவாகப் பிரித்துச் சேர்ப்பதில், காகிதத்தில், அடுத்த லோடில் தோற்கிறான். பாலைச் சேர்த்து விற்கத் தெரிந்த ஊர் மரத்தைச் சேர்த்து விற்கக் கற்றுக்கொள்ள முடியாதா? ஒரு வட்டாரத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எந்த ஊரில் எத்தனை தேக்கு, வேங்கை, மகோகனி நிற்கிறது, சுற்றளவு என்ன என்று ஒரு பதிவேடு வைத்தால் போதும், வியாபாரி தேடி வருவான். சுற்றளவு வாரியாக அடுக்கி ஏலம் விட்டால் விலையும் நம் கையில்.

அடுத்தது கடன். ஒரு மரத்துக்குக் குழி, நாற்று, காவல், கவாத்து எல்லாம் சேர்த்து 200 ரூபாய் என்று வையுங்கள். 10 சதவீதக் கூட்டு வட்டியில் 25 வருசத்தில் அது சுமார் 2,170 ரூபாய் ஆகும். ஒரு மரத்தில் வெறும் ஐந்து கன அடி தேறி, கன அடி ஆயிரம் ரூபாய்க்குப் போனாலே வட்டியும் முதலும் போக மிச்சம் இருக்கிறது. கணக்கு கையைக் கடிக்கவில்லை. ஆனால் 24 வருசம் வரவு பூஜ்யம், 25-வது வருசம் மொத்தமும் வரவு. இந்த மாதிரிக் கடனைத் தாங்க நம் வங்கிகளிடம் விண்ணப்பப் படிவமே கிடையாது. மூன்றாம் வருசமே தவணை கேட்பார்கள், கெடு தாண்டினால் வாராக் கடன் என்று எழுதுவார்கள். 1990களில் தேக்குக் கம்பெனிகள் புற்றீசல் போலக் கிளம்பி ஊர்ப் பணத்தை வாரிக்கொண்டு போனது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான். வங்கி வராத இடத்தில் அவர்கள் வந்தார்கள். அந்தப் பயத்தில் இன்றைக்கும் தேக்குக் கடன் என்றாலே மேலாளர்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருந்துகொண்டு ஊரில் நஞ்சையை வாங்கி, முழுக்க மகோகனி நட்டுவிட்டுப் போகிறவர்களுக்காக நான் இதை எழுதவில்லை. நெல் விளைகிற வயலை இருபது வருசம் மரத்துக்குப் பூட்டினால் நடவு, களையெடுப்புக்கு வரும் பெண்களின் கூலிக்கும் சேர்த்துப் பூட்டுப் போடுகிறோம். வரப்பு, வேலி, மானாவாரிப் புஞ்சையின் ஓரம், கிணற்று மேடு. இவை போதும். தேக்கு மட்டும் வேண்டாம். வேங்கை, வாகை, பூவரசு, வேம்பு, மருது கலந்து வையுங்கள். பக்கத்துக்காரன் வயலில் நிழல் விழாத மாதிரி இடம் பார்த்து வைத்தால் பஞ்சாயத்துக்கும் வேலை இருக்காது. வருசா வருசம் பக்கக் கிளையைக் கழிக்க வேண்டும். கழித்ததை மூடாக்குக்குப் போடலாம்.

அரசைக் கேட்க வேண்டியதும் பெரிதில்லை. 1927 வனச் சட்டத்தில் மரமாக இருந்த மூங்கிலை, 2017-ல் ஒரு சொல்லை எடுத்து மரமில்லை என்று ஆக்கினார்கள். மறுநாளிலிருந்து உழவன் வளர்த்த மூங்கிலுக்கு அந்தச் சட்டத்தின் பிடி போனது. பட்டா நிலத்தில் உழவன் நட்ட தேக்குக்கும் வேங்கைக்கும் அதே மாதிரி ஒரு வழி வேண்டும். காட்டு மரம் எது, வயல் மரம் எது என்று பிரித்துக் காட்டத் தெரிந்தால் காட்டைத் திறக்காமலே வயலைத் திறந்துவிடலாம். செம்மரத்தில் அது கொஞ்சம் நடந்திருக்கிறது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கவனிக்கும் சைட்டிஸ் அமைப்பு செம்மரத்துக்காக நம் நாட்டின் மேல் வைத்திருந்த பரிசீலனையை 2023-ல் முடித்துக்கொண்டது. உழவர் நட்ட செம்மரம் வெளிநாடு போக வழி பிறந்தது. அந்த மரம் வயலில் நட்டதுதான் என்பதற்குக் காகிதம் இருந்தால்தான் அந்த வழி பயன்படும்.

அந்தக் காகிதம் அடங்கலில்தான் தொடங்க வேண்டும். மரம் நட்ட வருசமே எந்த சர்வே எண்ணில், என்ன மரம், எத்தனை என்று ஏறிவிட்டால், இருபது வருசம் கழித்து யாரும் காட்டு மரமா என்று கேட்க முடியாது. வங்கிக்கும் காட்ட ஒரு தாள் இருக்கும். இந்தப் பசலிக்கு நான் வேங்கை 40, தேக்கு 25, பூவரசு 12 என்று எழுதி மனுக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வி.ஏ.ஓ. தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குன்னு கட்டம் இல்லையே சார்" என்றார். குறிப்பு எழுதும் இடத்தில் எழுதுங்கள் தம்பி, எழுதி நகல் கொடுங்கள் என்றிருக்கிறேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். நீங்களும் உங்கள் ஊரில் கொடுங்கள். நூறு பேர் கொடுத்தால் கட்டம் அச்சடிப்பார்கள்.